உள்ளங்காலுக்குத் தெரியும்!

காலை ஐந்தரை மணி. திருவான்மியூர் கடற்கரையில் வெளிச்சம் இன்னும் முழுதாக வரவில்லை. வால்மீகி நகர் பக்கமிருந்து வாக்கிங் போகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். சிலர் காலில் விலை உயர்ந்த ஷூ, சிலர் காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. சேலைக்குக் கீழே சாக்ஸும் ஷூவும் போட்ட அம்மாக்கள் இருவர் இருவராகப் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். சற்றுத் தள்ளி, அலை தொட்டுப் போகும் ஈர மணலில், குப்பத்து மீனவர்கள் நாலைந்து பேர் ஃபைபர் படகைத் தள்ளுகிறார்கள். யார் காலிலும் செருப்பில்லை. குதிகால் மணலில் புதைய, விரல்கள் அகல விரிந்து தரையைப் பற்றுகின்றன. படகு நகர்ந்தபின் மணலில் தடம் தெளிவாகத் தெரிகிறது. குதிகால் பதிந்த இடம் ஆழம். நடுவில், உட்பக்கமாக, மணல் அழுந்தவே இல்லை. பெருவிரல் உந்திய இடத்தில் மறுபடியும் ஒரு குழி.

இதே வடிவத் தடங்களைத்தான் 1978-ல் தான்சானியாவின் லெட்டோலியில் தொல்மானுடவியலாளர் மேரி லீக்கியின் குழு கண்டது. எரிமலைச் சாம்பலில் பதிந்து கல்லாகிப்போன அவற்றின் வயது சுமார் 36.6 லட்சம் ஆண்டுகள். மூளை பெரிதாகவில்லை, கல்லைச் செதுக்கவில்லை, நெருப்பு தெரியாது. ஆனால், நடை வந்துவிட்டது. மனிதக் கதையில் முதலில் நிமிர்ந்தது கால்தான். தலை வெகு காலம் கழித்துத்தான் வளர்ந்தது.

கடற்கரையில் நடந்து முடித்து இளைப்பாறுகிறவர்களின் பேச்சில் சில கேள்விகள் தினமும் வந்துபோகின்றன. ஷூ போட்டு நடப்பதா, வெறுங்காலுடனா? நடந்தால் முட்டி தேயுமா? பத்தாயிரம் ஸ்டெப்ஸ் கட்டாயமா? இந்தக் கேள்விகளின் பின்னால் போனால் தெரியவருவது வேறொரு விஷயம். பாதத்தை நாம் உடம்பைச் சுமக்கும் உறுப்பாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அது தரையைப் படிக்கும் உணர்வுறுப்பும்கூட. இதை மறந்ததற்கான விலையைச் சென்னை இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆப்பிரிக்காவிலிருந்து அத்திரம்பாக்கம் வரை

எத்தியோப்பியாவில் கிடைத்த 'ஆர்டி' என்ற புதைபடிவத்தின் வயது 44 லட்சம் ஆண்டுகள். நிமிர்ந்து நடக்கத் தெரிந்தும், கிளையைப் பற்றுவதற்காகப் பெருவிரல் விலகி நின்ற பாதம் அது. 1974-ல் கிடைத்த 'லூசி' என்ற புதைபடிவத்துக்கு 32 லட்சம். அதற்குள் நடை பெருமளவு நம்முடையதாகிவிட்டது. சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வந்த ஹோமோ எரெக்டஸ் இனத்தாருக்குக் கால் நீண்டது. ஆப்பிரிக்காவை விட்டு முதலில் வெகுதூரம் பரவியவர்கள் அவர்கள்தான்.

அந்த நெடுநடையின் தடயம் நம் வாசலிலேயே இருக்கிறது. சென்னைக்கு வடமேற்கே, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அகழ்ந்தெடுத்த கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. அங்கே மனித எலும்பு கிடைக்கவில்லை. என்றாலும், அந்தக் கைக்கோடரிகளைச் செய்தவர்களின் முன்னோர் இங்கே வந்து சேர்ந்தது கால்நடையாகத்தான். இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியை ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று கண்டெடுத்ததும் பல்லாவரத்தில். திருவான்மியூரிலிருந்து விடியுமுன் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பல்லாவரத்துக்கு நடந்தே போய்விடலாம்.

நிமிர்ந்ததால் வந்த முதல் லாபம் சிக்கனம். சிம்பன்சி நடக்கச் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்குதான் மனித நடைக்குத் தேவைப்படுகிறது என்று 2007-ல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. நஷ்டமும் இருந்தது. உடல் எடை முழுவதும் இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் இரண்டு முழங்காலுக்கும் இறங்கியது. அதிகச் சுமை பெண்களுக்கு. கர்ப்ப காலத்தில் வயிறு முன்னால் இழுக்கும்போது விழாமல் நிற்க, பெண்களின் கீழ்முதுகில் மூன்று முள்ளெலும்புகள் ஆப்பு வடிவில் சரிந்து வளைவைத் தாங்குகின்றன, ஆண்களுக்கு இரண்டுதான். பிள்ளை சுமந்தபடி நடந்த தாய்மார்களால்தான் இந்த நெடுநடை அறுபடாமல் வந்தது என்பதை ஒவ்வொரு முதுகெலும்பும் சொல்கிறது.

■ பெட்டிச் செய்தி: பாதத்தின் கணக்கு
▪ ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். இரண்டு பாதங்களையும் சேர்த்தால் உடம்பின் எலும்புகளில் நான்கில் ஒன்று.
▪ ஓடும்போது பாத வளைவு அழுந்தி மீள்வதில், ஓர் அடிக்கான ஆற்றலில் சுமார் 17 சதவீதம் திரும்பக் கிடைக்கிறது. குதிகால் நாண் இன்னும் கூடுதலாகத் தருகிறது.
▪ 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடி வென்றார். நேரம் 2 மணி 15 நிமிடம் 16 விநாடி.

ஒரு பேருந்துச் சீட்டு போதும்

பாதத்தில் வளைவு என்றால், உட்பக்கம் நீளவாக்கில் தெரியும் வளைவைத்தான் எல்லோரும் நினைப்போம். குறுக்குவாக்கிலும் ஒரு வளைவு உண்டு. அதன் வேலை என்ன என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் மதுசூதன் வெங்கடேசனும் ஷ்ரேயஸ் மாந்த்ரே, மகேஷ் பந்தி உள்ளிட்டோரும் அடங்கிய குழு 2020-ல் 'நேச்சர்' இதழில் விளக்கியது. பையில் இருக்கும் பேருந்துச் சீட்டை எடுத்து ஒரு முனையைப் பிடியுங்கள், மறுமுனை தொங்கும். பிடித்த முனையைக் குறுக்குவாக்கில் கொஞ்சம் வளையுங்கள். சீட்டு நேராக நீட்டி நிற்கும். பாதமும் அப்படித்தான் விறைக்கிறது. அதன் விறைப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்தக் குறுக்கு வளைவால் வருகிறது என்று அந்தக் குழு கண்டது. உந்தி எழும் கணத்தில் விறைப்பும், தரையில் இறங்கும் கணத்தில் நெகிழ்வும் ஒரே உறுப்பில் மாறி மாறி வருவதால்தான் மீனவரால் மணலில் படகைத் தள்ள முடிகிறது.

ஓடும் உடம்பும் சென்னைக் காற்றும்

நடை மட்டும்தான் நம் பரிணாம வரமா? 2004-ல் ஆய்வாளர்கள் டென்னிஸ் பிராம்பிளும் டேனியல் லீபர்மனும், மனித உடம்பில் நெடுந்தூர ஓட்டத்துக்கென்றே அமைந்த அம்சங்களைப் பட்டியலிட்டார்கள். நீண்ட குதிகால் நாண், ஓடும்போது உடம்பு முன்னால் கவிழாமல் பிடிக்கும் பெரிய புட்டத் தசை, தலை ஆடாமல் காக்கும் பிடரி நார், குட்டையான கால்விரல்கள். எல்லாவற்றுக்கும் மேலாக வியர்வை. உடம்பு முழுக்க 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள். மானால் நம்மைவிட வேகமாக ஓட முடியும். ஆனால் நாலுகால் பாய்ச்சலில் ஓடிக்கொண்டே மூச்சிரைத்து உடம்பைக் குளிர்விக்க அதனால் முடியாது. உச்சி வெயிலில் அதைத் துரத்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது சூடு தாங்காமல் விழும். கலஹாரிப் பாலைவனத்தின் சான் மக்கள் இப்படி வேட்டையாடியது பதிவாகியிருக்கிறது.

அந்த வரம் வறண்ட காற்றுக்கானது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். திருவான்மியூர்க் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து பனியனை நனைக்கிறது, சூடு உள்ளேயே தங்குகிறது. பெசன்ட் நகரிலும் ஈ.சி.ஆரிலும் ஓடுகிறவர்கள் நாலரை மணிக்கே கிளம்புவதற்கும், சென்னை மாரத்தான் ஜனவரியில் நடப்பதற்கும் காரணம் இதுதான். ஏப்ரல், மே மாதங்களில் எட்டு மணி வெயிலில் வீம்புக்கு ஓடுவது வீரமாகாது; வெப்பத்தாக்குதல் உயிரையே எடுத்துவிடும்.

காய்ப்பும் உணர்ச்சியும்

2010-ல் லீபர்மனின் குழு, கென்யாவிலும் அமெரிக்காவிலும் ஓடுகிறவர்களைப் படமெடுத்துப் பார்த்தது. மெத்தென்ற ஷூ போட்டு வளர்ந்தவர்கள் குதிகாலை ஊன்றி ஓடினார்கள். ஒவ்வோர் ஊன்றலும் ஓர் இடி. பிறந்ததிலிருந்து வெறுங்காலுடன் ஓடியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் மெல்ல இறங்கினார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த உத்தி இல்லை. குதிகாலால் இடித்தால் வலிக்கும் என்பதை உள்ளங்காலே சொல்லியிருந்தது.

அப்படியானால், செருப்பில்லாமல் நடந்து தோல் தடித்தவர்களுக்கு உணர்ச்சி குறையாதா? 2019-ல் இதைக் கென்யாவில் சோதித்தார்கள். காய்ப்பு தடித்திருந்தவர்களின் பாதம், நடையில் தரையை உணர்வதில் மற்றவர்களுடையதைவிட எள்ளளவும் குறைந்திருக்கவில்லை. தோல் தடித்தாலும் தரையின் செய்தியை உள்ளே கடத்துகிறது; அதை மழுக்குவது ஷூவின் மெத்தைதான்.

திருவான்மியூரில் இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்ராவில், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அரைமண்டியில் அமர்ந்து முதலில் பழகுவது தட்டடவு. முழுப் பாதமும் ஒரே சமயத்தில் தரையைத் தொட வேண்டும். தட்டும் ஒலி தாளத்தோடு சேர வேண்டும். பாதத்தின் எந்தப் பகுதி எப்போது தரையைத் தொடுகிறது என்று தெரியாமல் அந்த ஒலியைத் திருத்த முடியாது. குதிகால் தட்டு, நுனிக்கால் குத்து என்று அடவுகளுக்குள் வேறுபடுத்திச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் உணர்ச்சியுள்ள பாதத்தை நம்பித்தான்.

பள்ளிக்கூட ஷூவும் இந்திய அளவும்

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஆய்வு ஒன்று நம் பக்கத்து மாநிலத்திலிருந்து வந்தது. கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசஃபும் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 பிள்ளைகளின் பாதத் தடங்களை எடுத்துப் பார்த்து 1992-ல் வெளியிட்டார்கள். காலணி அணியும் பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், அணியாதவர்களில் 2.8 சதவீதம். அதிலும் விரல்களை மூடும் ஷூ அணிந்தவர்களிடம் அதிகம், திறந்த செருப்பு அணிந்தவர்களிடம் குறைவு. 1995-ல் சச்சிதானந்தமும் ஜோசஃபும் வளர்ந்தவர்களிடம் நடத்திய ஆய்வும் இதையே உறுதிசெய்தது. ஆறு வயதுக்கு முன்பே ஷூ போடத் தொடங்கியவர்களிடம் தட்டைப் பாதம் கூடுதலாக இருந்தது.

இத்தனை ஆண்டுகள் ஆகியும், சென்னையின் ஏராளமான நர்சரிப் பள்ளிகளில் மூன்றரை வயதுக் குழந்தை காலை எட்டு மணிக்குக் கறுப்பு ஷூவும் சாக்ஸும் மாட்டிக்கொண்டு போகிறது, மதியம் வியர்வையில் ஊறிய பாதத்தோடு திரும்புகிறது. வகுப்பறைக்குள் வெறுங்கால், வெளியே திறந்த செருப்பு என்று ஒரு பள்ளி முடிவெடுத்தால் அதற்குப் பைசா செலவில்லை.

பெரியவர்களின் ஷூவிலும் ஒரு பழைய கோளாறு இருக்கிறது. நாம் '8', '9' என்று கேட்டு வாங்குவது பிரிட்டிஷ் அளவு. இந்தியக் காலுக்கென அளந்தது இல்லை. திருவான்மியூரிலிருந்து சில கிலோமீட்டரில், அடையாறு சர்தார் படேல் சாலையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் குறையைக் கையிலெடுத்தது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடு முழுவதும் 79 இடங்களில், சுமார் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. பெண்களின் பாத வளர்ச்சி 11 வயதுவாக்கிலும் ஆண்களுக்கு 15, 16 வயதுவாக்கிலும் உச்சத்தைத் தொடுவது தெரிந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்பதும் பதிவானது. அகலம் போதாமல் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, முன்னால் இடம் காலியாக, குதிகால் வழுக்க நடக்கும் நம் பழக்கத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. 'பா' என்ற பெயரில் எட்டு அளவுகள் கொண்ட இந்திய முறையை அந்த நிறுவனம் முன்வைத்தது. கால் ஆணி, பெருவிரல் கோணல், நகம் உள்வளர்தல் என்று அவதிப்படுகிறவர்களில் பலருக்குத் தேவைப்படுவது மருந்தைவிட முதலில் அகலமான முன்பக்கம்தான்.

வெறுங்காலைப் போற்றும் முன்…

இதையெல்லாம் படித்துவிட்டு நாளையே செருப்பைக் கழற்றி எறிந்துவிடக் கூடாது. வெறுங்கால் என்பது இந்த மண்ணில் பலருக்கு விருப்பமாக இருந்ததில்லை. செருப்பு வாங்க வழியில்லாத வறுமை ஒருபுறம். கொக்கிப்புழு உள்ளங்கால் வழியே புகுந்து ரத்தத்தை உறிஞ்சிய காலம் ஒருபுறம். காசிருந்தும், ஆதிக்கச் சாதித் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கவைத்த கொடுமை இன்னொரு புறம். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தின் ராஜாவூரில் பட்டியலின மக்கள் ஒரு தெருவில் செருப்பணிந்து நடந்தது செய்தியானது 2023 டிசம்பரில். ஒலிம்பிக் வரை போன மதுரை ரேவதி வீரமணி தொடக்கத்தில் வெறுங்காலுடன் ஓடியதற்குக் காரணம் ஷூ வாங்கப் பணமில்லாததுதான். அதை உடற்பயிற்சித் தத்துவமாக்குவது அவருடைய உழைப்பை அவமதிப்பதாகும். செருப்பு உரிமை. அதைக் கழற்றுவது அவரவர் விருப்பம்.

இன்னொரு தடை மருத்துவம் சார்ந்தது. ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (INDIAB) ஆய்வு 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி தமிழகத்தில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம். சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாமல் போனால் காலின் நரம்புகள் மழுங்குகின்றன. முதலில் மதமதப்பு, பிறகு எரிச்சல், கடைசியில் ஒன்றுமே தெரியாது. 'செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியவில்லை' என்ற நிலை அது. முள் குத்தினால் தெரியாது. பங்குனி வெயிலில் கோயில் பிராகாரக் கல் சுட்டுக் கொப்புளம் வந்தாலும் தெரியாது. நோய் தீர வேண்டித் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் சந்நிதிக்கு வருகிறவர்கள், உச்சி வெயிலை விட்டுக் காலையிலோ மாலையிலோ பிராகாரம் சுற்றுவது நல்லது.

வலியில்லாத காலின் ஆபத்தை உலகுக்கு விளக்கியதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் அறுவைச் சிகிச்சை நிபுணராகத் தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராய்ந்தார். விரல்கள் அழுகி விழுகின்றன என்று எல்லோரும் நம்பிய காலம் அது. உணர்ச்சியற்ற இடத்தில் திரும்பத் திரும்பப் படும் சிறு காயங்களும், வலிக்காததால் ஓய்வு கிடைக்காத புண்களுமே உறுப்பைத் தின்கின்றன என்று அவர் காட்டினார். வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் மையத்தில், உணர்ச்சியற்ற பாதங்களுக்காக நுண்துளை ரப்பரில் செருப்பு செய்து பார்த்தார்கள். இன்று சென்னையின் சர்க்கரை மருத்துவமனைகளில் சீட்டில் எழுதித் தரும் 'எம்.சி.ஆர். செருப்பு' அந்த வழியில் வந்தது. உணர்ச்சி இருக்கும் காலுக்கு மெத்தை இடைஞ்சல். உணர்ச்சி போன காலுக்கு அதே மெத்தை உயிர்க்காவல்.

■ பெட்டிச் செய்தி: சர்க்கரை இருக்கிறதா?
▪ ஆண்டுக்கொரு முறையாவது பாத உணர்ச்சிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள், வலிக்காது.
▪ தினமும் இரவு உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி உதவும்.
▪ உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. கால் ஆணியை நீங்களே பிளேடால் சீவாதீர்கள்.
▪ செருப்புப் போடும் முன் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பாருங்கள்.

முட்டி தேயுமா?

உணர்ச்சி நன்றாக இருப்பவர்கள் வெறுங்கால் நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கலாம். நாற்பது வருடம் ஷூவுக்குள் இருந்த பாதத்தின் சிறு தசைகள் ஒரே வாரத்தில் பழகிவிடாது. அவசரப்பட்டால் குதிகால் வலியும் எலும்புக் கீறலும்தான் மிஞ்சும். ஈர மணலில் பத்து நிமிடம் போதும். கெண்டைக்கால் எவ்வளவு தாங்குகிறது என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

முட்டித் தேய்மானம் பற்றிய பயம் பெரும்பாலும் வீண். 2017-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கே முழங்கால் அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம். ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிகளுக்காக உடம்பை வருத்தி ஓடியவர்களிடம் மட்டும் 13.3. ஏற்கெனவே முட்டி கெட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு நடக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் 'தேய்ந்துவிடும்' என்று நல்ல முட்டியைச் சோபாவில் வைத்துப் பாதுகாப்பது அதைக் கெடுக்கும் வழி.

பத்தாயிரம் ஸ்டெப்ஸ் என்ற எண் மருத்துவத்திலிருந்து வரவில்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் அது. சராசரி 72 வயதுள்ள அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்த 2019 ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் குறைந்து காணப்பட்டது. சுமார் 7,500-க்குப் பிறகு கூடுதல் பலன் தெரியவில்லை. மயிலாப்பூரில் தெப்பக்குளத்தை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, 'போதவில்லையே' என்று குற்ற உணர்ச்சியோடு திரும்பும் பாட்டிகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

கால் இருக்கிறது, தரை எங்கே?

'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தமிழக அரசு 2023 நவம்பர் 4 அன்று தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைப்பாதைகள். சென்னையில் அது பெசன்ட் நகர்ப் பகுதியில் அமைந்தது. நல்ல தொடக்கம். ஆனால் மனித உடம்பு நடந்தது உடற்பயிற்சிக்காக இல்லை. தண்ணீருக்கு, உணவுக்கு, உறவைப் பார்க்க. இன்றும் காய்கறிக்கடைக்கும் ரயில் நிலையத்துக்கும் பள்ளிக்கும் போகும் நடைதான் ஆயுள் முழுக்க நிலைக்கும். அந்த நடைக்குத் திருவான்மியூர் எல்.பி. சாலையில் இடம் எங்கே? பிளாட்பாரம் தொடங்கிய இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர், அதைத் தாண்டினால் பைக் வரிசை, அதையும் தாண்டினால் பெயர்ந்த ஸ்லாப். இறங்கி வண்டிகளுக்கு நடுவே நடக்க வேண்டியிருக்கிறது. நாட்டில் 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் இறந்த பாதசாரிகள் 32,800-க்கும் மேல். நடைபாதை வியாபாரிகள்மேல் பழியைப் போடுவது சுலபம். அவர்களுக்கு 2014-ன் சட்டப்படி உரிய இடம் உண்டு. பல மணி நேரம் நிற்கும் காருக்குத்தான் அங்கே எந்த உரிமையும் இல்லை.

நம் நகரத்துக்குச் செய்யத் தெரியாமலில்லை. மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கான கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டது. 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தபோது, தி.நகரில் வயதானவர்கள் கைத்தடியோடு நிம்மதியாக நடந்ததை எல்லோரும் பார்த்தோம். 2025 மே மாதம், பாதசாரிகள் நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

திருவான்மியூருக்கு இப்போது ஒரு வாய்ப்பு வாசல்வரை வந்திருக்கிறது. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிப்காட் வரை போகும் தடம் அடையாறு, இந்திரா நகர், திருவான்மியூர் வழியாகவே செல்கிறது. தோண்டிய சாலையை மூடி மறுபடி போடும்போது, முன்பிருந்த அதே உடைந்த பிளாட்பாரத்தையே திருப்பித் தருவார்களா? இந்தியச் சாலைகள் பேரவையின் விதிப்படி, குடியிருப்புப் பகுதியில்கூட எந்தத் தடையுமில்லாத நடைவெளி குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். அந்த அளவு எல்.பி. சாலைக்கான வரைபடத்தில் இருக்கிறதா, மின்பெட்டிகளை எங்கே நகர்த்தப் போகிறார்கள், சக்கர நாற்காலி ஏறும் சரிவு எந்த முனையில் வருகிறது என்பதையெல்லாம் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். சாலை போட்டு முடித்த பிறகு கேட்டால், அடுத்த தோண்டல் வரை காத்திருக்கச் சொல்வார்கள்.